நிற்கும் இடமும் காணும் பொருளும்: திரைப்படக் கோணங்கள் குறித்து ஓர் ஆய்வு

திரைப்படம் பற்றித் தமிழில் எழுதப்படும் திறனாய்வுகளுள் பெரும்பாலானவை கதையையும் உரையாடலையும் நடிப்பையும் பாடலையும் ஆராய்வதோடு அமைகின்றன. படக்கருவி எங்கே நின்றது, எவ்வளவு தொலைவில் நின்றது, மேலிருந்து நோக்கிற்றா, கீழிருந்து நோக்கிற்றா என்னும் வினாக்கள் அவற்றுள் அருகியே எழுகின்றன. எழும் இடத்தும் ஒரு வாய்பாட்டைக் கூறி ஆராய்ச்சியை முடித்துவிடுகின்றனர். கீழிருந்து எடுத்தால் ஒருவர் பெருமை பெறுவர். மேலிருந்து எடுத்தால் சிறுமை அடைவர். அண்மையில் எடுத்தால் உணர்ச்சி மிகும். சேய்மையில் எடுத்தால் தனிமை தோன்றும் என்பதே அவ்வாய்பாடு. மாணவர் மனனம் செய்வதற்கு இஃது எளிது. ஆயினும், அகராதியிற் கண்ட பொருளை ஒரு சொல்லின்மேல் ஏற்றிவிட்டுச் செய்யுள் முழுதும் விளங்கிற்று என்று அமைதி கொள்வாரின் செயலை ஒத்ததே இதுவும்.

இவ்வாய்பாடு நில்லாது என்பதற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சிப்பிள்ளையார் கோயிலில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் காவிரியும், அதற்கு அப்பால் திருவரங்கத் தீவும், 1987ஆம் ஆண்டில் நிறைவெய்திய 236 அடி உயரமுள்ள இராசகோபுரமும் கண்ணுக்குக் கீழே தோன்றும். மேலிருந்து நோக்குதலால் அக்கோபுரம் சிறுமை அடைந்தது என்று கருதுவார் ஒருவரும் இலர். ஆறும் தீவும் ஊரும் கோயிலும் தம்முள் கொண்ட தொடர்பே அங்கிருந்து புலனாகின்றது. கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு அதன் உயரம் விளங்கும். அஃது எங்கே நிற்கின்றது என்பது விளங்காது. இவ்விரு நோக்கும் இருவேறு பொருளைத் தருவன. எது பெருமை, எது சிறுமை என்பதைக் கோணம் மட்டும் அறுதியிடுவதில்லை.

அவ்வாறாயின் ஒரு காட்சியின் பொருளை அறுதியிடுவது யாது? நோக்குபவர் நிற்கும் இடம், நோக்கு தொடங்கிச் சென்று முடியும் முறை, அவ்விடத்தில் நிற்பதற்கு அவர்க்குள்ள உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை அறுதியிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. திரைத்துறையினர் 'ஷாட்' என வழங்குவதை ஈண்டுக் காட்சித்துணுக்கு என்றும், 'குளோசப்' என்பதை அண்மைக் காட்சி என்றும், 'லாங் ஷாட்' என்பதைச் சேய்மைக் காட்சி என்றும் கொள்வோம்.

1. களனும் முன்னமும்

தொல்காப்பியர் செய்யுளியலின் தொடக்கத்தில் செய்யுளுறுப்புகள் 34 எனத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் யாப்பு, தூக்கு முதலியன ஓசை பற்றியன. கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் முதலியன பொருள் பற்றியன. ஒரு கூற்று யாருடையது, யாரை நோக்கியது, எவ்விடத்தில் நிகழ்வது என்பவற்றை அறியாத வழி அகப்பாட்டின் பொருள் திரிந்துவிடும். தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குக் கூறுவது போன்று அமைந்த பாட்டை எண்ணுக. சொற்கள் தலைவியை நோக்கியன. பொருளோ வேலிக்கு அப்பால் நிற்பானை நோக்கியது. அவன் அங்கே நிற்கின்றான் என்பதை நீக்கிவிட்டால் பாட்டு வெறும் உரையாடலாகிவிடும்.

திரைப்படத்திலும் இவ்வுறுப்புகள் உள. படக்கருவி நிற்கும் இடம் களன். அதன் நோக்கு யாருடையது என்பது கூற்று. சட்டகத்துக்குள் வாராது விடப்பட்டது எச்சம். இக்காட்சியை இவ்விடத்திலிருந்து காண்பவர் இன்னார் ஆதல் வேண்டும் என்று குறிப்பால் உணர்த்துவது முன்னம். 1954ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் வெளிவந்த 'அந்த நாள்' என்னும் படம் ஒரு கொலையைப் பற்றியது. பாடல் ஒன்றும் இல்லாத படம் அது. ஐயத்திற்கு உரியோர் ஒவ்வொருவராகத் தாம் அறிந்ததைக் கூற, அக்கூற்றுகள் காட்சிகளாக விரிகின்றன. கூறுபவரே அக்காட்சிகளுள் தோன்றுதலையும் காண்கின்றோம். தம்மைத் தாமே புறத்தே நின்று கண்டவர் எவரும் இலர். ஆதலின் அங்கே கூற்று ஒருவருடையதாகவும் நோக்கு வேறொன்றினுடையதாகவும் அமைகின்றன. சான்று கூறுவாரை நம்புவதா, கருவியை நம்புவதா என்னும் ஐயம் இவ்விரண்டின் இடைவெளியிலேதான் பிறக்கின்றது. அகப்பாட்டைப் பயின்ற மாணவர்க்கு இவ்விடைவெளி எளிதிற் புலனாதல் வேண்டும்.

2. பாதம் முதல் கண் வரை

நோக்கு செல்லும் முறைக்குத் தமிழில் இரண்டு மரபுகள் பெயர் பெற்றுள்ளன. அடி முதல் முடி வரை கூறுவது பாதாதிகேசம்; முடி முதல் அடி வரை கூறுவது கேசாதிபாதம். தெய்வத்தை அடி தொடங்கியும் மக்களை முடி தொடங்கியும் பாடுதல் வழக்கு என்பர். திருப்பாணாழ்வார் அருளிய அமலனாதிபிரான் முன்னதற்குச் சிறந்த சான்று. பத்துப் பாசுரங்களால் ஆகிய அந்நூலில் திருவடி, ஆடை, உந்தி, உதரபந்தம், மார்பு, கண்டம், வாய், கண் என எட்டுப் பாசுரங்களில் நோக்கு மேற்செல்கின்றது. ஒன்பதாவதில் நீலமேனி முழுதும் தோன்றுகின்றது. பத்தாவதில் காணப்பட்டவன் வடிவின் வருணனை நின்று, கண்ட கண்களின் நிலை கூறப்படுகின்றது.

இவ்வமைப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, திரைப்படத்தின் பொது வழக்கு முழுமையைச் சேய்மையிற் காட்டிவிட்டுப் பின்னர்ப் பகுதியை அண்மையிற் காட்டுவது. ஆழ்வார் அதனை மாற்றி, அண்மைக் காட்சிகள் எட்டினைக் கடந்த பின்னரே முழுமையைத் தருகின்றார். எனவே ஒன்பதாம் பாசுரத்தின் மேனி, வாயிலில் நின்று ஒருமுறை பார்த்துச் செல்பவன் கண்ட மேனி அன்று. உறுப்புத்தோறும் தங்கித் தங்கிச் சேர்த்துக்கொண்ட மேனி.

இரண்டாவது, வினைகளின் எழுவாய். திருவடி வந்து கண்ணுள் புகுவது போன்று இருக்கின்றது, உதரபந்தம் உள்ளத்துள் நின்று உலாவுகின்றது, மார்பு ஆட்கொள்கின்றது, கண்டம் உய்யக்கொள்கின்றது, கண்கள் பேதைமை செய்கின்றன. காண்பவர் ஆழ்வார், ஆயினும் வினை நிகழ்த்துவன காணப்படும் உறுப்புகள். கண் பொருளைத் தேடிச் செல்லவில்லை. பொருளே கண்ணை நோக்கி வருகின்றது. நோக்கு மேற்செல்லுதல் மட்டும் இப்பொருளைத் தந்துவிடாது. அந்நோக்குக்கு உரியவர் தம்மை ஒப்படைத்து நிற்கும் நிலையே இதனைத் தருகின்றது.

மூன்றாவது, திருவரங்கத்துப் பெருமான் கிடந்த கோலத்தன். மேற்கே தலையும் கிழக்கே திருவடியும் வைத்துத் தெற்கு நோக்கிக் கண்வளர்கின்றான். ஆதலின் அவன் முன் நிற்பார்க்கு அடியிலிருந்து முடிக்குச் செல்லும் நோக்கு கீழிருந்து மேலே செல்வதன்று. வலமிருந்து இடமாகக் கிடைமட்டத்தில் செல்வது. கீழிருந்து நோக்கினால்தான் பெருமை தோன்றும் என்னும் வாய்பாடு இங்கே முற்றும் உதவாது போகின்றது. உயரம் ஏறாமலே பெருமை ஏறுகின்றது.

3. பாடினியின் அடி

இதனோடு பொருநராற்றுப்படையை ஒப்பிட்டுக் காண்டல் நலம். கரிகாற் பெருவளத்தானைப் பாடிய அப்பாட்டில் பாடினி ஒருத்தி கூந்தல் தொடங்கி அடி வரை வருணிக்கப்படுகின்றாள். நுதலும் புருவமும் கண்ணும் வாயும் எனக் கீழிறங்கும் அந்நோக்கு, பரற்கற்கள் உறுத்தியதால் கொப்புளம் கொண்ட அடிகளில் வந்து முடிகின்றது. அழகில் தொடங்கிய நோக்கு வழிநடையின் துன்பத்தில் நிற்கின்றது. இக்கலைஞர் குடி உணவு தேடி நெடுந்தொலைவு நடந்து வந்தது என்பதை வேறு சொல்லாற் கூற வேண்டியதில்லை, அடி கூறிவிட்டது.

இசையால் வாழ்ந்த குடியைச் சார்ந்த பாடினியை ஒரு நோக்கு முடியிலிருந்து அடிக்கு இறக்கிற்று. அதே மரபில் வந்த பாணர் ஒருவர் அரங்கனை அடியிலிருந்து கண்ணுக்கு ஏற்றிப் பாடினார். இரண்டும் உடலின்மேற் செல்லும் நோக்குகளே. ஒன்று புண்பட்ட அடியில் முடிகின்றது. மற்றொன்று காண்பவரைப் பித்தாக்கும் கண்ணை எய்தி அதற்கு அப்பாலும் செல்கின்றது. படக்கருவி மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அசையும் காட்சிகளை ஆராய்வார், அசைவின் திசையைக் குறித்தால் மட்டும் போதாது. எங்கே தொடங்கி எங்கே தங்கி எங்கே முடிகின்றது என்பதையும் குறித்தல் வேண்டும்.

இங்குத் தமிழ்த் திரைப்படத்தின் ஒரு வழக்கத்தை நினைத்தல் பொருந்தும். பெருநடிகர் தோன்றும் முதற்காட்சியில் காலணி முதலிற் காட்டப்படும், பின்னர்க் கையோ தோளோ காட்டப்படும், ஈற்றில் முகம் வெளிப்படும், கொட்டகை ஆரவாரிக்கும். இது பாதாதிகேசமே. மக்களுக்கு உரிய முறையை விட்டுத் தெய்வத்துக்கு உரிய முறையில் நடிகர் காட்டப்படுகின்றார். காண்பவரை அடியார் நிலையில் நிறுத்துவது இம்முறையே. ஆழ்வாரின் நூலில் அந்நிலை காண்பவர் தாமே அடைந்தது. இங்கே அது சீட்டு வாங்கியவர்க்கெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டுவிட்டது. மரபு எஞ்சியுள்ளது, நிற்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எஞ்சவில்லை.

4. தொலைவும் உரிமையும்

அண்மை, சேய்மை என்பன அளவைச் சொற்கள் போலத் தோன்றினும் மக்கள் வாழ்வில் அவை உரிமைச் சொற்களாகவே வழங்கி வந்தன. உறையூரிற் பிறந்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடி வந்தார் என்று குருபரம்பரை கூறும். அவர் பிறந்த குடி அவரை அதற்கு மேற் செல்ல விடவில்லை. பெருமானோ தெற்கு நோக்கியவன். பாணரோ தென்கரையில் நிற்பவர். இருவரும் எதிரெதிரே இருந்தும் இடையில் ஆறும் மதிலும் நின்றன. திருமஞ்சனத்திற்கு நீர் கொள்ள வந்த உலோகசாரங்கர் அவரை விலகச் செய்யக் கல்லெறிந்ததும், பின்னர்ப் பெருமான் ஆணையால் அவரைத் தம் தோளிற் சுமந்து கருவறை முன் கொண்டு சென்றதும் அவ்வரலாற்றின் பகுதிகள். அமலனாதிபிரான் பிறந்தது அதன் பின்னரே. அந்நூலின் அண்மைக் காட்சிகள் எட்டும் நெடுங்காலம் சேய்மையில் நிறுத்தப்பட்ட கண் பெற்றவை என்பதை மறந்து அவற்றின் அழகை மட்டும் பேசுதல் நிறைவுடைய திறனாய்வு ஆகாது. ஆழ்வார் தம் பெயரை அப்பாசுரங்களில் எங்கும் அமைக்கவில்லை. எஞ்சியிருப்பது கண் ஒன்றே.

திருநாளைப்போவார் வரலாறும் இத்தகையதே. திருப்புன்கூரில் வாயிலின் புறத்தே நின்ற அவருக்கு நந்தி மறைப்பாயிற்று. இறைவன் அருளால் நந்தி விலகிற்று என்பது பெரியபுராணச் செய்தி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனை வழியாக அக்கதை மேடைக்கும் திரைக்கும் வந்தது. 1935ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாளும், 1942ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். கோயில் நுழைவு பற்றிய சட்டங்கள் 1939இலும் 1947இலும் இயற்றப்பட்ட காலம் அது.

நந்தி விலகும் நிகழ்ச்சியைப் படமாக்க முனையும் இயக்குநர் ஒருவர் கருவியை எங்கே வைப்பார் என்று எண்ணிப் பார்த்தல் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். நந்தனாரின் தோளுக்குப் பின்னே வைத்தால் நந்தி நமக்கும் மறைப்பாகும். அது விலகும்போது நாமும் காட்சி பெறுவோம். கருவறையின் உள்ளே வைத்து வெளியே நோக்கினால், உள்ளே நிற்கும் உரிமை நமக்கு முன்னரே கிடைத்துவிடும். வெளியே நிற்கும் ஒருவர்மேல் இரக்கம் கொள்வோராக மட்டும் நாம் அமைவோம். உயரத்தில் வைத்தால் தடையும் தடுக்கப்பட்டவரும் தெய்வமும் ஒரே படத்தில் அடங்கும். யார் எங்கே நிறுத்தப்பட்டுள்ளார் என்பது தெளிவாகும். ஆனால் ஏக்கம் குறையும். கதை ஒன்றே, சொல்லும் ஒன்றே. கருவியின் இடத்தால் அது பக்திப் படமாகவோ, இரக்கப் படமாகவோ, நீதி கேட்கும் படமாகவோ மாறுகின்றது. இம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது கலைச் செயலும் அறச் செயலும் ஆகும்.

5. கொட்டகையின் அண்மை

திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயிற் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் டுபான் என்பாரிடமிருந்து 1905ஆம் ஆண்டில் படங்காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டினார். அவர் தொடங்கிய வழியிற் பரவிய கூடாரக் கொட்டகைகளில் தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் வகுப்புகள் ஏற்பட்டன. அவற்றுள் திரைக்கு மிக அண்மையில் இருந்தது தரை. மிகக் குறைந்த கட்டணமும் தரைக்கே. கோயிலில் பிறப்பால் அண்மையும் சேய்மையும் வகுக்கப்பட்டிருந்த நாட்டில், திரையின் பேருருவ முகத்துக்கு மிக அருகில் இருந்தவர் ஏழை எளியோர் ஆயினர். பல சாதியினரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் நிகழ்கலைக் களம் திரையரங்கே என்னும் கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். அக்கருத்தோடு இதனையும் சேர்த்து எண்ணலாம். அண்மைக் காட்சி என்பது கலை நுட்பம் மட்டுமன்று. எவரும் எம்முகத்தையும் அருகே நின்று காணலாம் என்னும் புதிய உரிமையையும் அது தமிழ்நாட்டில் அளித்தது. அவ்வுரிமையை நடிகர் வழிபாடாக ஆக்கியவரும் உளர். மனிதரை மனிதர் நேர்நோக்கும் வாயிலாக ஆக்கியவரும் உளர்.

6. அண்மைக் காலப் படங்கள் மூன்று

பின்னவர்க்குச் சான்றாக மூன்று படங்களைக் காட்டலாம். பாலுமகேந்திரா இயக்கி ஒளிப்பதிவும் செய்த 'வீடு' 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பம் ஒன்று வீடு கட்ட முயன்று படும் இன்னலே அதன் கதை. சொக்கலிங்க பாகவதர் நடித்த முதியவர், கட்டி முடியாத வீட்டைக் காண வந்து, அறை அறையாக நடந்து சுவர்களைத் தடவிப் பார்க்கும் பகுதியில் உரையாடல் இல்லை, இசையே உண்டு. கண்ணீரையோ புன்னகையையோ பெரிதாக்கிக் காட்டி இதுவே உணர்ச்சி என்று அறிவிக்க வேண்டிய தேவை அங்கு இல்லை. நாம் அவரோடு நடக்கின்றோம். முடியாத சுவர்களே எச்சமாக நின்று பொருளை முடிக்கின்றன. அவர் விரைவில் இறந்துபடுதலை அறிந்த பின் அந்நடை விடைபெறுதலாகவும் மாறுகின்றது.

மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் இறுதியில் இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றின் இடையே ஒரு பூவும் காட்டப்படுகின்றன. முகம் இல்லை, சொல் இல்லை. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்த நாட்டில், இரு குவளைகள் அருகருகே நிற்பதன் பொருள் அகராதியிற் கிடைப்பதன்று. அவை எவ்வளவு அருகில் உள்ளன, இன்னும் எவ்வளவு இடைவெளி உள்ளது என்று கண் அளந்து பார்க்கின்றது. முடிவு கூறப்படாமல் அளவு மட்டும் காட்டப்பட்டது. இது குறிப்பெச்சம்.

அவரே இயக்கிய 'கர்ணன்' 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவாளர். தொடக்கத்தில் சாலையின் நடுவே வலிப்பு வந்து துடிக்கும் சிறுமி ஒருத்தி மேலிருந்து காட்டப்படுகின்றாள். ஊர்திகள் நில்லாமல் இருபுறமும் செல்கின்றன. வாய்பாட்டின்படி இந்நோக்கு அச்சிறுமியைச் சிறுமைப்படுத்துதல் வேண்டும். நிகழ்வதோ வேறு. சாலையும் ஊர்திகளும் அவளும் ஒரே சட்டகத்தில் அமைவதால், நில்லாமற் சென்றவர்களின் சிறுமையே வெளிப்படுகின்றது. இறந்த அச்சிறுமி பின்னர்த் தெய்வமுகம் அணிந்து தோன்றும்போது, அம்மேல்நோக்கு யாருடையது என்னும் வினாவும் எழுகின்றது. மனிதர் ஒருவரும் நில்லாத இடத்தில் நின்று பார்த்தது எது? இவ்வினாவே அக்காட்சியின் முன்னம்.

7. ஒப்புமையின் எல்லை

ஈண்டுச் செய்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. தொல்காப்பியரோ ஆழ்வாரோ திரைப்படத்தை முன்னுணர்ந்தனர் என்று கூறுதல் பெருமை ஆகாது. அது வரலாற்றைக் குழப்புவதாகும். சொல் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. திருவடி என்னும் சொல்லைக் கூறும்போது வேறெதுவும் தோன்றுவதில்லை. புலவன் கூறாதது இல்லாததாகவே இருக்கும். படமோ கூறக் கருதாதவற்றையும் உடன் கொணர்வது. அடியைக் காட்டும்போது அடியின் கீழுள்ள மண்ணும் அதன்மேற் பட்ட வெயிலும் உடன் வந்துவிடுகின்றன. ஆதலின் செய்யுளுறுப்புகளை அவ்வாறே பெயர்த்துத் திரைப்படத்துக்கு இலக்கணம் வகுத்தல் இயலாது. அவை நமக்குக் கற்பிப்பது ஒரு வினவும் முறையே: யார் காண்கின்றார், எங்கே நின்று காண்கின்றார், அங்கே நிற்க அவரை விட்டவர் யார், காணாது விடப்பட்டது யாது?

இவ்வினாக்களை எழுப்பாமல் கோணங்களின் பெயர்களை மட்டும் அடுக்குவது அணிகளின் பெயரை அடுக்கிக் கவிதையை விட்டுவிடுவதற்கு நிகர். திரைப்படத்தைப் பாடமாகக் கொண்ட தமிழ்த்துறைகளில் முதுகலை மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம். ஒரு படத்திலிருந்து பத்துக் காட்சித்துணுக்குகளை எடுத்து, உரையாடலை நீக்கி, ஒவ்வொன்றுக்கும் களனையும் கூற்றையும் எச்சத்தையும் முன்னத்தையும் எழுதச் சொல்லுதல் வேண்டும். அகப்பாட்டுக்குத் துறை எழுதப் பயின்ற கை இதற்கு அயர்வதில்லை. தென்கரையில் நிறுத்தப்பட்ட கண்ணும், கருவறை முன் சென்ற கண்ணும் கண்ட அரங்கன் ஒருவனே; காட்சிகளோ இரண்டு. அவ்வேறுபாட்டை அளந்து கூறுவதே திரைப்படத் திறனாய்வாளரின் முதற்கடமை.